குழுவில் சொன்ன கதை, மேடைக்கு வந்த கதை



"நாங்களும் நாடகம் போடணும் மேடம், என்ன செய்யணும்?" என்று பல குழுக்களில் கேட்கிறீர்கள். நம் கூட்டமைப்பின் கலைக்குழு 2024 தை மாதம் தொடங்கியது. அந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம். தவறியதையும் சேர்த்துத்தான்.

சம்பளம் வாங்காமல், ஆசைக்காக நாடகம் போடுவது நம் நாட்டில் பழைய பழக்கம். 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் பிற்காலத்தில் வக்கீலாகி, பிறகு நீதிபதியும் ஆனார். படித்தவர்கள் நடிப்பதே கேவலம் என்று பேசிய காலம் அது. அந்தச் சபையில் பெண் வேஷத்தையும் ஆண்களே போட்டார்கள். நம் குழுவில் எல்லாம் தலைகீழ். 11 பேரும் பெண்கள். கண்மையால் மீசை வரைந்து, துண்டைத் தலையில் கட்டினால் கந்துவட்டிக்காரர் தயார்! 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கக் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய் நடித்ததை உங்கள் அம்மாமார் பார்த்திருக்கலாம். நமக்கு வழி காட்டியவர்கள் அவர்கள்தான்.

முதல் வேலை வசனம் இல்லை, வீட்டில் அனுமதி. "ராத்திரி எட்டு மணிக்கு மேல என்ன ஒத்திகை?" என்று கேட்காத வீடு இல்லை. அதனால் மாமியார்களையும் கூட்டி வரச் சொன்னோம். இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பத்து நாளில் எல்லோர் வசனத்தையும் மனப்பாடம் செய்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யாராவது வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பது இன்றைக்கும் அவர்தான்.

பணத்துக்கு மாதம் ஆளுக்கு 20 ரூபாய் சந்தா. தனி ரொக்கப் புத்தகம். வேஷத்துக்குச் செலவே இல்லை, வீட்டுச் சேலையும் வேட்டியும் போதும். வேன் வாடகையும் ராத்திரிச் சாப்பாடும்தான் பணத்தைத் தின்றன. கூப்பிடுகிற ஊர் சாப்பாடு போடவேண்டும் என்று பிறகு தீர்மானம் எழுதினோம்.

மார்ச் 8 மகளிர் தினத்தில் முதல் நாடகம். நல்ல கைதட்டல். அடுத்து பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அது முடியும்வரை தெருவில் கூட்டம் கூட்ட வேண்டாம் என்று ஒத்திகையோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆடி மாதம் ஒரு ஊரில் கூப்பிட்டார்கள். குழுவில் வாங்கிய கடன் பணத்தைப் புருஷன் பிடுங்கிக் குடித்துவிடுகிற கதை. அது உண்மையில் நடந்தது. அந்த ஊர்ச் சகோதரி ஒருவர் குழுக் கூட்டத்தில் அழுதுகொண்டே சொன்னது. பெயரை மட்டும் மாற்றினோம். அவரிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

பணத்தைப் பிடுங்குகிற காட்சி வந்ததும் கூட்டத்தில் யாரோ அவர் புருஷன் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சகோதரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். அன்று ராத்திரி வீட்டில் அடி. மறுநாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

நாங்கள் அங்கே போனோம். மன்னிப்புக் கேட்டோம். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 181 உதவி எண், பாதுகாப்பு அலுவலர் எல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "நான் குழுவில சொன்னது குழுவுக்குத்தான் மேடம். மைக்குல சொல்றதுக்கு இல்ல." எங்களிடம் பதில் இல்லை. கதையைத் தேர்ந்தெடுத்தது நடித்தவர்கள் இல்லை, ஒருங்கிணைப்பாளராகிய நாங்கள். சமூகப்பணி படிப்பில் இரகசியம் காப்பது பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவர்கள் நாங்கள்!

இரண்டு மாதம் நாடகமே போடவில்லை. உட்கார்ந்து பேசினோம். யாருடைய கதை என்றாலும் முதலில் அவரிடம் கேட்பது. சரி என்றாலும் அப்படியே எடுக்காமல் மூன்று நான்கு ஊர்க் கதையைக் கலப்பது. கதை நடந்த ஊரில் அதைப் போடாமல் இருப்பது. நாடகம் முடிந்ததும் வேனில் ஏறி ஓடாமல் இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்திருப்பது என்றும் எழுதினோம். பேச நினைக்கிறவர்கள் கூட்டம் கலைந்த பிறகுதான் வருகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளி வராண்டாவில் புதுக் கதை உருவானது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுகிற கதை. தை மாதம் போட்டபோது ஒரு பெண் வந்து அந்த வசனம் எடுத்துக் கொடுக்கிற மாமியாரிடம்தான் பேசினாள். என்ன பேசினாள் என்று நாங்கள் கேட்கவில்லை. 1098 எண்ணை எழுதிக் கொடுத்ததாக மட்டும் சொன்னார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்: நம் குழுவில் ஒருவர் சொன்னது வெளியே போனதுண்டா? எப்படிப் போனது?

அந்தச் சகோதரி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். குழுக் கூட்டத்துக்கு வருகிறார், நாடகம் பார்க்க மட்டும் வருவதில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தப் பாடத்தை அவரிடம் படித்துக் காட்டினோம். இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டோம்.