தேர்ந்தெடுக்காத இடம்

மனத்தின் இடையறாத தொழில் தேர்ந்தெடுத்தல். உணவிலும் உடையிலும் மட்டுமன்று, யாத்திரையிலும் அது தன் விருப்பத்தை முன்னே அனுப்பிவிட்டு உடலைப் பின்னால் நடத்திச் செல்கிறது. மும்பையிலிருந்து ஜெய்சல்மேர் செல்பவர் கோட்டையைக் காண்கிறார். சம் மணற்குன்றுகளில் ஒட்டகமேறிச் சூரிய அஸ்தமனம் பார்க்கிறார். எதிர்பார்த்துப் போனதையே கண்டு திரும்புகிறார்.

இந்த விருப்பத்தை விலக்கி வைத்துவிட்டுப் புறப்படும் ஒரு வழக்கம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் அலெக்ஸ் ஜாரட் என்பவர், அட்சரேகையும் தீர்க்கரேகையும் பின்னமின்றி முழுப் பாகைகளாகச் சந்திக்கும் இடங்களுக்கு நேரில் சென்று, நாற்றிசையையும் புகைப்படம் எடுக்கும் முயற்சியைத் தொடங்கினார். புள்ளிக்கு 100 மீட்டருக்குள் சென்றாலே அது கணக்கில் சேரும். 2008ஆம் ஆண்டு கேலிச்சித்திரக்காரர் ராண்டல் மன்றோ இன்னும் ஒரு படி மேலே சென்றார். அன்றைய தேதியையும் அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீட்டின் தொடக்க எண்ணையும் ஒரு கணக்கிலிட்டு, அதில் வரும் தசம எண்களைப் பாகையுடன் சேர்த்தால், ஒவ்வொரு பாகைச் சதுரத்திலும் நாளுக்கொரு புள்ளி கிடைக்கும். லாப நஷ்டம் சொல்லும் எண், எவருக்கும் லாபமில்லாத ஓரிடத்தைச் சுட்டிக்காட்டுவது வேடிக்கைதான்.

ஜெய்சல்மேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டரில் 27 பாகை வடக்கும் 71 பாகை கிழக்கும் சந்திக்கின்றன. ஆண்டு மழை மிகக் குறைந்த பூமி அது. தார் பாலைவனத்தின் இத்தகைய ஒரு புள்ளியில் நிற்பவருக்கு முதலில் தோன்றுவது, ‘இங்கே ஒன்றுமில்லை’ என்பதே. பார்க்க வேண்டியது இன்னதென்று எவரும் சொல்லி அனுப்பாததால், சிறிது நேரம் கண் தடுமாறுகிறது. பிறகுதான் பார்க்கத் தொடங்குகிறது.

தொலைவில் நிற்கும் மரம் கேஜ்ரி. தமிழகத்துக் கோயில்களில் தல விருட்சமாக வணங்கப்படும் வன்னியே அது. அதை வெட்ட விடாமல் கட்டித் தழுவி நின்று, 1730ஆம் ஆண்டு ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி கிராமத்தில் 363 பிஷ்னோய் மக்கள் உயிர்நீத்தனர். மணலில் வாய் குறுகிய ஒரு சிறு கிணறு தென்படலாம். சில இடங்களில் மணலுக்கடியில் ஓடும் ஜிப்சம் படிவம், மழையின் ஈரத்தைக் கீழுள்ள உவர்நீரோடு கலக்கவொட்டாமல் தாங்குகிறது. அந்த ஈரம் இரவெல்லாம் கசிந்து, காலையில் சில குடங்கள் இனிய நீராகிறது. மரம் வெட்டப்படாத வெளியொன்று கண்ணில் பட்டால், அது தெய்வத்தின் பெயரால் காக்கப்படும் ‘ஓரண்’ என்னும் மேய்ச்சற்காடாக இருக்கக்கூடும். இத்தகைய ஓரண்கள் பலவும் அரசாங்கப் பதிவேடுகளில் தரிசு என்றே எழுதப்பட்டுள்ளன. ஒன்றுமில்லை என்று எழுதப்பட்ட நிலத்தை எதற்கும் கொடுத்துவிடலாம் என்பதால், அந்த ஒரு சொல் ஆடு மாடுகளின் மேய்ச்சலையும் கானமயிலின் வாழிடத்தையும் பறித்துவிட வல்லது.

கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயம் ஞானத்தின் இயல்புகளைக் கூறுகையில், வேண்டியது வந்தாலும் வேண்டாதது வந்தாலும் சமமாயிருக்கும் சித்தத்தை முன்னும், தனியிடத்தை நாடுவதை அடுத்த சுலோகத்திலும் வைக்கிறது. இவ்வரிசை சிந்திக்கத்தக்கது. முன்னது இல்லாமல் பின்னதை மட்டும் நாடினால், தனிமையும் இன்னொரு விருப்பமாகிவிடும். குளிர்ந்த காற்றும் அழகிய காட்சியும் உள்ள தனிமையாகவே மனம் அதைத் தேடும்.

சமசித்தம் என்பது அசட்டுத் துணிவு அன்று. 2016ஆம் ஆண்டு மே மாதம் பலோடியில் வெப்பம் 51 டிகிரியைத் தொட்டது. குளிர்காலத்தில், போதிய நீரோடு, துணையோடு செல்வதே முறை. எல்லைப் பகுதிக்கு அனுமதி வேண்டும். பிறருடைய வயலில் புள்ளி விழுந்தால் கேட்டுத்தான் நுழைய வேண்டும். மறுத்தால் திரும்பிவிட வேண்டும். புள்ளியைத் தொடாமல் திரும்பும் நாளும் சாதனைக்கு உரிய நாளே.

மாட்டுங்கா, தாராவி, செம்பூர் மூன்றும் 19 பாகை வடக்கு, 72 பாகை கிழக்கிலிருந்து தொடங்கும் ஒரே சதுரத்துக்குள் அடங்குகின்றன. அச்சதுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அரபிக்கடல். ஆகவே பெரும்பாலான நாட்களில் புள்ளி நீரில் விழும். அன்று செய்வதற்கு ஒன்றுமில்லை. கரையில் விழும் நாளில்தான் சோதனை. பாகையில் நூறில் ஒரு பங்கு என்பது வடக்கு தெற்காக 1.1 கிலோமீட்டர். மாட்டுங்காவின் கோயில் வீதியா, ரயில் பாதைக்கு அப்பாலுள்ள தாராவியா என்பதை எண்ணின் இரண்டாம் தசம இலக்கமே முடிவு செய்துவிடும். ஜெய்சல்மேர் வரை 800 கிலோமீட்டருக்கு மேல் சென்று வந்தவர்களில், அந்த ரயில் பாதையைக் கடந்திராதவர்கள் உண்டு. அவர்களது மனத்தின் வரைபடத்திலும் அது தரிசு என்றே எழுதப்பட்டிருக்கிறது. கழிமுகச் சதுப்பாயிருந்த அந்நிலத்திற்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிட்டுப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள்.

சந்து முனையில், கையில் ஓர் எண்ணோடு தயங்கி நிற்பவரைப் பார்த்து, “யாரைத் தேடுதிய?” என்று ஒரு முதியவள் கேட்பாள். தாரில் ஆடு மேய்ப்பவர் கேட்பதும் ஏறக்குறைய அதே கேள்விதான். வந்தவரிடம் சொல்வதற்கு ஒரு பெயரும் இராது. “உள்ளே வந்து உட்காருங்க, தண்ணி குடிங்க” என்பாள் அவள்.