சூரை மீனும் திரவ நிறப்பகுப்பும்

கல்முனைக் கரையில் இறக்கப்படும் சூரை மீனை, செவுளையும் கண்ணையும் பார்த்தே நாம் மதிப்பிடுகின்றோம். எனினும் கண்ணுக்கும் மூக்கிற்கும் புலப்படாத தீங்கொன்று அம்மீனில் மறைந்திருத்தல் கூடும். சூரையின் தசையில் இயல்பாகவே மிகுந்துள்ள ஹிஸ்ரிடீன் என்னும் அமினோவமிலத்தை, மீன் பனிக்கட்டியின்றிக் கிடக்கும்போது பற்றீரியாக்கள் ஹிஸ்ரமினாக மாற்றுகின்றன. சமைப்பதனால் அது அழிவதில்லை. உண்டவர்க்கு முகஞ் சிவத்தல், தலையிடி, சொறி முதலியன உண்டாகின்றன. ஒன்பது மாதிரிகளின் சராசரி, கிலோகிராமுக்கு 100 மில்லிகிராமை விஞ்சலாகாதென ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ளது. இச்சிற்றளவை அளந்தறிதல் எங்ஙனம்?

உருசியத் தாவரவியலறிஞர் சுவெற், இலையின் நிறப்பொருள்களைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழாயிற் பிரித்துக் காட்டி, 1906 ஆம் ஆண்டில் அம்முறைக்குக் குரோமற்றோகிராபி எனப் பெயரிட்டார். நாம் அதனை நிறப்பகுப்பு என்போம். குழாயினுள் நிலைத்து நிற்பது ஓர் அவத்தை. அதனூடே ஓடும் திரவம் மற்றோர் அவத்தை. இவ்விரண்டனுள் எதனை மிகுதியாக நாடுகின்றதோ அதற்கேற்ப ஒவ்வொரு சேர்வையும் விரைந்தோ தாமதித்தோ வெளிவரும்.

உப்பு நீரிற் கரையும், தேங்காயெண்ணெயிற் கரையாது. முனைவுள்ளவை நீரையும், முனைவற்றவை எண்ணெயையும் நாடுதல் இயல்பு. இன்று பெரிதும் வழங்கும் குழாயில், பதினெட்டுக் காபன் கொண்ட சங்கிலிகள் பிணைக்கப்பட்ட சிலிக்காத் துகள்கள் உள. அவை எண்ணெய்த் தன்மையன. மீனீரலெண்ணெயிலுள்ள விற்றமின் ஏ முனைவற்றதாதலின் அங்கே இறுகப் பற்றிக்கொள்ளும். மெதனோல் மிகுந்த திரவமே அதனைப் பெயர்க்கும். ஹிஸ்ரமினோ முனைவு மிக்கது. பற்றுக்கோடின்றி முதல் நீருடனேயே, உப்பு முதலியவற்றோடு கலந்து ஓடிவிடும்.

ஆதலின் முறை வகுப்போர் முதலில் அறியவேண்டியது பொருளின் குணமேயாம். மீன் தசையை அமிலக் கரைசலுடன் அரைத்தால் புரதம் வீழ்படிவாகும். ஹிஸ்ரமின் நீர்ப்பகுதியிற் சேரும். அதனோடு டன்சைல் குளோரைட்டைத் தாக்கமுறச் செய்தால், அது முனைவு குறைந்து குழாயிற் பற்றும் தன்மை பெறும்; ஊதாக் கடந்த ஒளியையும் நன்கு உறிஞ்சும். பின்னர், நீர் மிகுந்த கலவையில் தொடங்கி அசற்றோநைத்திரைலைப் படிப்படியாக ஏற்றினால், மென்மையாகப் பற்றியவை முன்னும், இறுகப் பற்றியவை பின்னுமாகப் பிரியும். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. பலவற்றை ஒருங்கே மாற்றினால் பயனின் காரணம் புலப்படாது. முடிவில், தெரிந்த அளவு ஹிஸ்ரமினை நல்ல மீனிற் சேர்த்து, அவ்வளவும் மீண்டு கிடைக்கின்றதா எனச் சோதித்தல் வேண்டும். இச்சோதனையில் தேறாத முறையை நம்புதல் தகாது.

சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்கும் இந்நாளில், இக்கலை நம் பிள்ளைகட்கு எட்டாத ஒன்றன்று. ஆயினும் கருவி தீங்கை அளந்து காட்டுமேயன்றித் தடுக்காது. தடுப்பது, பிடித்த கணமே மீன்மீது இடப்படும் பனிக்கட்டியே. அதனைக் கடலோடும் நம் உடன்பிறந்தார்க்கு எடுத்துரைத்தல் கற்றோராகிய நம் கடனாகும்.