ரிவ்யூவில் யார் பேசுவது?



லீடர்ஷிப்னு சொன்னதும் நமக்கு மேடை, மைக், சரளமான இங்கிலீஷ் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் நான் ஒரு தப்பு செய்யும் வரை.

நாலு பேர் டீம், நான் டீம் லீடர். மண்ணின் ஈரத்தைப் பார்த்து மோட்டாரைத் தானாக ஓடவிடும் சிஸ்டம் செய்துகொண்டிருந்தோம். செகண்ட் ரிவ்யூவில் மோட்டார் ஓடவே இல்லை. "என்னப்பா ஆச்சு?" என்று கைடு கேட்டார். யோசிக்காமல் வாயில் வந்தது இதுதான்: "சார், கோடிங் இவன்தான் பார்த்தான்."

ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து செக் செய்தோம். கோடில் ஒரு தப்பும் இல்லை. நான் கொடுத்த கனெக்‌ஷனில் ஒரு ஒயர் லூசாக இருந்தது. சாரி சொன்னேன். "பரவாயில்லைடா" என்றான். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பிரச்சினை வந்தாலும் மூன்று பேருமே கடைசி நாளில்தான் என்னிடம் சொன்னார்கள். முன்னாடியே சொன்னால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது நான்தான்.

அப்துல் கலாம் பல இடங்களில் சொன்ன ஒரு சம்பவம் அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ராக்கெட் கிளம்பத் தயாராக இருந்தது. கலாம்தான் அந்தத் திட்டத்தின் தலைவர். கடைசி நிமிடங்களில் கம்ப்யூட்டர் தடுத்தது. வல்லுநர்கள் போகலாம் என்று சொன்னதால் ஏவும் முடிவை கலாம் எடுத்தார். இரண்டாம் நிலையில் கோளாறு வந்து, ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது.

கவனியுங்க, "இவர்தான் முடிவெடுத்தார்" என்று கைகாட்ட ஒருவர் தயாராகவே இருந்தார். ஆனால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் அப்படிச் செய்யவில்லை. பத்திரிகையாளர்கள் முன்னால் தானே உட்கார்ந்து பொறுப்பேற்றார். என் டீம் அடுத்த முறை ஜெயிக்கும் என்றும் உறுதியாகச் சொன்னார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்றைக்குப் பத்திரிகையாளர்களிடம் பேசும்படி தவான் சொன்னது கலாமிடம்!

இங்கே ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிஞ்சுக்கக் கூடாது. வெளியே பழியை ஏற்பது வேறு, உள்ளே தப்பை மூடி மறைப்பது வேறு. ஒரு வால்வு மூடாமல் நின்றதால் இரண்டாம் நிலைக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆக்சிடைசர் கசிந்துபோனது என்று இஸ்ரோ கண்டுபிடித்தது. அதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த வெற்றி. தவறுக்கு ஆளைத் தேடாமல் காரணத்தைத் தேடினால்தான் எல்லாரும் உண்மையைப் பேசுவார்கள்.

இது பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. மினி ப்ராஜெக்ட், சிம்போசியம், டிபார்ட்மென்ட் கிரிக்கெட் டீம், எங்கே வேண்டுமானாலும் நாம் பழகலாம். நான் இப்போது செய்து பார்ப்பவை:

1. வாரம் ஒரு முறை 15 நிமிடம் டீமாக உட்காருவோம். அந்த வாரம் நான் சொதப்பியதை முதலில் நானே சொல்வேன். லீடர் சொன்னால்தான் மற்றவர்களுக்கும் வாய் திறக்கும்.

2. "யார் செய்தது?" என்று கேட்க வந்தால், "எங்கே தப்பாச்சு?" என்று மாற்றிக் கேட்பேன்.

3. கேள்வி வந்தால் "நாங்கள் இதைச் சரியாக டெஸ்ட் செய்யவில்லை, சார்" என்று நான் பதில் சொல்வேன். பாராட்டு வந்தால், வேலையைச் செய்தவன் பெயரைச் சொல்லி அவனையே விளக்கச் சொல்வேன்.

மூன்றாவதுதான் ரொம்ப கஷ்டம். பாராட்டு வரும்போது நம்ம வாய் சும்மா இருக்காது!

போன வாரம் அதே நண்பன் ராத்திரி பதினொரு மணிக்கு என் ரூம் கதவைத் தட்டினான். "டேய், சென்சார் ரீடிங் தப்பா வருது, என்னால்தான்னு நினைக்கிறேன்" என்றான். ரிவ்யூவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. இரண்டு பேருமாக உட்கார்ந்து சரிசெய்தோம்.

ஃபைனல் ரிவ்யூவில் டெமோ காட்டப்போவது அவன்தான். மோட்டார் ஓடாவிட்டால் பதில் சொல்லப்போவது நான். உங்க டீமில் யார் பேசப்போறீங்க? ரிவ்யூவுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.