சாரலிலும் நனையாத கைவினை மூலை

கேள்வி: வீட்டில் துணிப்பை தைக்கிறேன், காகிதப் பூ செய்கிறேன். தனி அறை இல்லை. குற்றாலச் சாரல் தொடங்கினால் எல்லாம் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, தென்காசி

பதில்: தனி அறை இல்லையே என்று கவலைப்படாதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயே வீட்டுத் தரையில் போட்ட தறியில் நெய்யப்படுவதுதான். வெளிச்சம் விழும் ஜன்னலோரம் போதும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே ஈரத்தை அள்ளி வரும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். துணி, காகிதத்தை நன்றாகக் காயவைத்து, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கத்தரி, ஊசிகளில் தையல் மிஷின் எண்ணெயை லேசாகத் தடவினால் துரு ஏறாது. அடிக்கடி எடுப்பவை கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

மே மாத வெயில் இருக்கும்போதே இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.