சாம் இழந்த கடை

சாம் வால்டன் அமெரிக்க நாட்டுக்காரர். 1918-ல் பிறந்தார். பள்ளியில் படிக்கும்போதே வீட்டு மாடுகளைக் கறந்தார். வீடு வீடாகப் பால் ஊற்றினார். செய்தித்தாள் போட்டார். கல்லூரிப் படிப்பையும் முடித்தார். 1940-ல் ஜே.சி. பென்னி என்ற கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 75 டாலர். டாலர் என்பது அமெரிக்கப் பணம்.

1945-ல் நியூபோர்ட் என்ற சிறிய ஊரில் ஒரு கடையை விலைக்கு வாங்கினார். கையில் இருந்தது 5,000 டாலர். மாமனார் கொடுத்த கடன் 20,000 டாலர். கட்டடம் மட்டும் வாடகை. ஐந்து ஆண்டுக்குப் பத்திரம் எழுதினார்கள். சாம் கையெழுத்துப் போட்டார்.

சாம் நன்றாக வியாபாரம் செய்தார். மற்ற கடைகளில் ஒரு டாலருக்கு மூன்று உள்ளாடைகள் கொடுத்தார்கள். சாம் குறைந்த விலைக்குச் சரக்கு பிடித்தார். ஒரு டாலருக்கு நான்கு கொடுத்தார். ஒன்றுக்குக் கிடைத்த லாபம் குறைவு. ஆனால் விற்பனை பெருகியது. மொத்த லாபம் கூடியது. அவர் வாங்கும் முன் அந்தக் கடையின் ஓராண்டு விற்பனை 72,000 டாலர். ஐந்தாம் ஆண்டில் அது 2,50,000 டாலர் ஆனது.

அப்போதுதான் இடி விழுந்தது. பத்திரத்தின் கெடு முடிந்தது. கட்டடக்காரர் தம் மகனுக்கு அந்தக் கடையைக் கேட்டார். கெடு முடிந்தபின் வாடகையைத் தொடரலாம் என்ற ஒரு வரி பத்திரத்தில் இல்லை. சாம் அதைக் கவனிக்கவில்லை. படித்தவர்தான். ஆனால் பத்திரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

சரக்குக்கு நியாயமான விலை கிடைத்தது. ஆனால் ஐந்து ஆண்டு உழைத்துச் சேர்த்த வாடிக்கை போயிற்று. குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார்.

பென்டன்வில் என்ற ஊரில் 1950-ல் மீண்டும் கடை எடுத்தார். கடையைப் பெரிதாக்கப் பக்கத்துக் கட்டடமும் தேவைப்பட்டது. இந்த முறை 99 ஆண்டுக்குப் பத்திரம் எழுதினார்கள்! 1962-ல் முதல் வால்மார்ட் கடையைத் திறந்தார். 1992-ல் அவர் இறந்தபோது 1,700-க்கும் அதிகமான வால்மார்ட் கடைகள் இருந்தன.

நாமும் பெட்டிக்கடைக்கு இடம் பிடிக்கிறோம். வீட்டுக்கு வாடகைப் பத்திரம் எழுதுகிறோம். கையெழுத்துப் போடும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. வாடகை எவ்வளவு? முன்பணம் எவ்வளவு?
2. கெடு என்று முடிகிறது? பிறகு தொடர முடியுமா?
3. காலி செய்ய எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும்?
4. எழுதாமல் விட்ட இடம் ஏதாவது இருக்கிறதா?

ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரு நகலை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

கையெழுத்துப் போடக் கற்றோம். போடும் முன் படிப்போம். புரியாவிட்டால் கேட்போம். அதில் வெட்கம் இல்லை.

பேசுவோம்

1. சாம் ஏன் கடையை இழந்தார்?
2. விலையைக் குறைத்தும் லாபம் கூடியது எப்படி?
3. நீங்கள் படிக்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தது உண்டா? என்ன நடந்தது?