பார்வை ஆய்வுக்கு வந்திருக்கும் மகளுக்கு

மகளே, கண்புரை அறுவையில் கட்டுப் பிரித்த மறுநாளே நோயாளி முகம் மலர்ந்துவிடும். நீ சேர்ந்திருக்கும் வேலை அப்படியல்ல. முதுமையில் விழித்திரையின் மையம் திட்டுத் திட்டாக அழியும் ஜியோகிராஃபிக் அட்ரபி போன்ற நோய்களில், மருந்து போனதை மீட்காது. போவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தால் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று அளக்க வந்திருக்கிறாய்.

1. முதல் நாளே உள்ளதைச் சொல். ஊசி போட்டால் பார்வை திரும்பும் என்றுதான் பலரும் வருவார்கள். ஒரு பெரியவர் எல்லாம் கேட்டுவிட்டு, "போடாம இருந்திருந்தா எவ்வளவு போயிருக்கும்னு எப்படிம்மா தெரியும்?" என்றார். ஒருவர் கண்ணை மட்டும் வைத்து அதைச் சொல்லவே முடியாது. அதற்காகத்தான் ஒப்பீட்டுக் குழு. அவர்களுக்கு மருந்து தராமல், ஊசி குத்துவதுபோல் கண்ணில் அழுத்திவிட்டு அனுப்புகிறோம். அவர்களும் நம்மை நம்பி வந்தவர்கள். அவர்களிடம் மரியாதை ஒரு பிடி கூடவே இருக்கட்டும்.

2. விழித்திரைப் படத்தைப் பார்த்து மயங்காதே. பெக்செட்டகோப்ளான் என்ற ஊசிமருந்தின் கதையை மனத்தில் வை. இரண்டு ஆண்டுகளில் திட்டு வளரும் வேகம் குறைந்தது. எழுத்துப் பலகையில் படித்த எழுத்துகளில் வித்தியாசமில்லை. அமெரிக்கா 2023 பிப்ரவரியில் அனுமதித்தது. அன்றாட வாழ்வில் பலன் நிரூபிக்கப்படவில்லை என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024இல் மறுத்தது. ஐரோப்பா கேட்டது சரியான கேள்வி என்பேன். ஆனால் மெல்ல நகரும் நோய்க்கு இரண்டு ஆண்டு போதுமா என்ற என் சந்தேகமும் தீரவில்லை. இரண்டையும் சேர்த்தே சுமக்கப் பழகு.

3. எழுத்துப் பலகையோடு நின்றுவிடாதே. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்து கீழ்வரிசை வரை படித்தார். பேத்தி கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரைப் படிக்கத் திணறினார். சுற்றிலும் அழிந்து நடுவில் சிறு தீவாக மிஞ்சிய பார்வையில் ஓர் எழுத்து அடங்கும். ஒரு சொல் அடங்காது. நிமிடத்துக்கு எத்தனை சொல் படிக்கிறார், மங்கிய வெளிச்சத்தில் எவ்வளவு தெரிகிறது என்பதையும் பார்.

4. கேட்கத் தெரிந்துகொள். இந்த வேலையில் மிகக் கடினமானது இதுதான். பார்வை அன்றாட வாழ்வில் எப்படி இருக்கிறது என்று கேட்க அமெரிக்காவில் பிறந்த 25 கேள்விப் பட்டியலில் கார் ஓட்டுவது வரும், சினிமா, நாடகம் பார்க்கப் போவது வரும். காரே ஓட்டாத ஆத்தாவிடம் அதைக் கேட்டு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பாய்? இங்குள்ள நோயாளிகளிடம் பேசி உருவாக்கிய 33 கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் படி. பட்டியல் எதுவானாலும், "பரவாயில்லைங்க" என்பதை அப்படியே எழுதிக்கொள்ளாதே. டாக்டர் மனம் நோகக் கூடாது என்று சொல்லும் சொல் அது. கூட வந்த மகன் முந்திக்கொண்டு பதில் சொல்வார். அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல். சோறு போட்டுக்கொள்ளும்போது குழம்பு எங்கே விழுகிறது என்று கேள். பிறகு பேசாமல் காத்திரு.

5. ஊசியின் சுமையையும் எழுது. மாதம் ஒன்று, அல்லது ஒரு மாதம் விட்டு ஒன்று. துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி போகும். நீர் கோக்கும் வகை மாக்குலா (விழித்திரை மைய) நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அரிதாக விழித்திரை ரத்தக் குழாய்களில் அழற்சி ஏற்பட்டுப் பார்வையே பறிபோனதும் உண்டு.

6. எதை அளக்கப் போகிறாய் என்பதை முதல் நோயாளி வருமுன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு. முடிவு வந்தபின் தேடினால் ஏதாவது ஒரு கணக்கில் வித்தியாசம் தென்படத்தான் செய்யும். அளப்பவர் கை நடுங்கலாம், மனம் சாயக் கூடாது. பலன் தெரியவில்லை என்று வந்தால் அதையும் கூசாமல் வெளியிடு. அடுத்த நோயாளி ஊசிக்குச் சம்மதிக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.