மாவிலையில் கரி

கேள்வி: எங்கள் மாமரத்து இலைகளில் கரி பூசியதுபோல் கறுப்புப் படிந்திருக்கிறது. பூஞ்சாண மருந்து அடித்தும் போகவில்லை. மரம் பட்டுவிடுமா?

பதில்: பட்டுவிடாது. ஒரு இலையைப் பறித்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கறுப்பு ஏடாக உரிந்து, அடியில் இலை பச்சையாகவே இருந்தால் அது கரும்பூசணம். இந்தப் பூசணம் இலைக்குள் வேர்விடுவதில்லை. தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி ஆகியவை சாற்றை உறிஞ்சிவிட்டுக் கழிக்கும் இனிப்புப் பிசுக்கின் மேல் வளர்கிறது. இலையில் வெயில் படாமல் மறைப்பதுதான் அது செய்யும் கெடுதல். பூச்சியை விட்டுவிட்டுப் பூசணத்துக்கு மட்டும் மருந்தடித்தால் காசுதான் கரையும்.

மரத்தில் எறும்புச் சாரை தெரிகிறதா? அதன் பின்னாலேயே போனால் பூச்சி இருக்குமிடம் தெரிந்துவிடும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள். பூ விரிந்திருக்கும்போது வேண்டாம், தேனீக்கள் வரும் நேரம்.

படிந்த கறுப்புக்கு மைதாப் பசையே போதும். ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறியபின் 20 லிட்டராக்கி, வடிகட்டி அடியுங்கள். வெயிலில் பசை காய்ந்து, பூசணத்தோடு பொருக்குப் பொருக்காக உதிரும். மேகமூட்டமான நாளில் அடித்தால் பலனில்லை.

செம்பருத்தியிலும் இதே கறுப்பு வரும், அங்கே பெரும்பாலும் மாவுப்பூச்சிதான் காரணம். ஆனால் மாம்பூங்கொத்தில் வெள்ளைப் பொடி படிந்தால் அது சாம்பல் நோய். அதற்குத்தான் நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம்.